மேளதாளத்தோடு காலி செய்த வீடு

வாடகைக்குக் குடியிருப்பவன் மனசு வைத்தால் வருஷத்தின் பன்னிரண்டு மாதங்களையும் வீடு மாற ஆகாத மாதங்களாக ஆக்கிவிடலாம். ஆடியில் குடிபோகக் கூடாது. புரட்டாசியில் கூடாது. மார்கழியில் கூடவே கூடாது. மிச்ச மாதங்களுக்கு அஷ்டமி, நவமி, பரீட்சை, வயிற்றுப்போக்கு என்று ஏதாவது கிடைக்கும். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. (இன்றும் கிடையாது.) ஆனால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்ன அந்த ஒரு வருஷம் மட்டும் கள்ளக்குறிச்சியிலேயே என்னைப்போல் சாஸ்திரம் பார்த்தவன் எவனும் இல்லை.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. இன்றைக்கு எந்த ரோட்டில் மறியல் என்று டீக்கடையில் விசாரித்துவிட்டுத்தான் பஸ் ஸ்டாண்டுக்கே போவார்கள். எனக்கு இருபத்தேழு வயது. பள்ளிக்கூட வாத்தியார், புது மனைவி, புது சைக்கிள். படித்தவன் என்ற நினைப்பு மட்டும் பழையது.

வீட்டுக்காரர் பெயர் தனகோட்டி. ரிஷிவந்தியத்து விவசாயி. பதினோரு மாத அக்ரிமெண்ட் ஆனியோடு முடிந்தது. முடிவதற்கு முன்பே, ஒரு பை கத்தரிக்காயோடு நேரில் வந்தார்.

"பொண்ணு மலர்க்கொடிக்கு இங்க டீச்சர் ட்ரெயினிங்ல எடம் கெடச்சிருக்குதுங்க சார். மணலூர்பேட்டையில மாப்ள பாத்திருக்கறோம். கல்யாணம் ஆனாலும் படிப்ப நிறுத்தக் கூடாதுன்னு கேட்டேன். டவுன்ல சொந்த வூடு இருந்தா புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் அங்க இருந்துக்கினு படிக்கட்டும்னு ஒத்துக்கினாங்க. வூட்டக் காட்டித்தாங்க படிப்பையே கேட்டு வாங்கினேன்."

"அதற்கென்ன, காலி செய்துவிடுகிறோம்" என்றேன். கத்தரிக்காய் நன்றாக இருந்தது.

மறுநாள் ஆசிரியர் அறையில் ஒரு சக ஆசிரியர் எனக்குச் சட்டம் போதித்தார். "குடியிருக்கறவன யாராலயும் அசைக்க முடியாதுய்யா. கோர்ட்டுக்குப் போனா அந்த ஆளோட பேரன் வந்துதான் தீர்ப்பு வாங்கணும்." எனக்கு ஒரு அடி உயரம் கூடியதுபோல் இருந்தது.

அடுத்த முறை தனகோட்டி வந்தபோது, "ஆடி பிறந்துவிட்டதே" என்று இழுத்தேன். பாவம், அவரே பதறினார். "ஆடியில போவாதீங்க சார். ஆவணியில பாத்துக்கலாம்."

ஆவணியில் என் மனைவி கோமதிக்கு ஏழாம் மாதம். "பிள்ளைத்தாச்சியை வீடு மாற்றக் கூடாது என்கிறார்கள்" என்று சொன்னேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை, நானே சொல்லிக்கொண்டதுதான். தனகோட்டி தலையாட்டினார்.

"அது மெய்தாங்க. ஆனா ஆவணி கடைசி ஞாயித்துக்கெழம கல்யாணம் வெச்சிட்டேனுங்களே. அன்னிக்கு நாலரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள பொண்ணு இந்த வூட்ல வெளக்கேத்தியாவணும். மாப்ள வூட்ல அப்படித்தான் பேச்சு."

அன்று காலைக்குள் காலி செய்வதாக வாக்குக் கொடுத்தேன். வேறு வீடு கிடைக்காமல் நான் தவித்துக்கொண்டிருந்ததாக நினைக்க வேண்டாம். அடுத்த தெருவிலேயே ஒரு வீடு பேசி, சாவியும் வாங்கி வைத்திருந்தேன். ஆனால் அங்கே கிணற்றில் இறைக்க வேண்டும். தனகோட்டி வீட்டில் வாசலிலேயே குழாய். ஒரு பெண்ணின் படிப்புக்கும் ஒரு தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே நான் குழாயின் பக்கம் நின்றேன். விஷயம் அவ்வளவுதான்.

அந்த வாரம் மறியல் வந்தது. ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். ஊரே கவலைப்பட்டது. நான் மட்டும் உள்ளுக்குள் துள்ளினேன். உடனே தனகோட்டிக்கு ஒரு தபால் கார்டு எழுதிப் போட்டேன். 'சாலை மறியலால் சாமான் ஏற்ற வண்டி கிடைக்கவில்லை. அடுத்தது புரட்டாசி. எனவே ஐப்பசியில் அவசியம் காலி செய்கிறேன்.' கையெழுத்து மணிமணியாக இருந்தது. எல்லா பஸ்ஸும் நின்றுபோன ஊரில் இந்தக் கார்டு மட்டும் எப்படிப் போகும் என்று அந்தப் படித்த மூளைக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டுவிட்டு லுங்கியோடு படுத்திருந்தேன். மூன்றரை மணிக்கு மேளச் சத்தம் கேட்டது. இந்த மறியலிலும் யார் வீட்டுக் கல்யாணம் என்று வேடிக்கை பார்க்க வெளியே வந்தேன்.

எங்கள் வீட்டுக் கல்யாணம்தான்.

முப்பது பேர் இருப்பார்கள். தலையெல்லாம் புளிய இலை. சீர்வரிசைக் குடங்கள் பெண்களின் இடுப்பில். ஒரு கட்டிலை நான்கு பேர் பாடை மாதிரி சுமந்துகொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை தன் பெட்டியைத் தானே தூக்கிவந்திருந்தார். நடுவில் கழுத்தில் மாலையோடு மலர்க்கொடி. கூறைப்புடவையின் ஓரம் கிழிந்திருந்தது. காலில் செருப்பு இல்லை.

"தியாகதுருகம் வரிக்கும் டிராக்டரு, அப்பறம் நடைதாங்க சார்" என்றார் தனகோட்டி. முகமெல்லாம் சிரிப்பு. "ஒவ்வொரு மரத்துலயும் மறியல் பண்றவங்களே கை குடுத்துத் தூக்கி வுட்டாங்க. ட்ரெயினிங் படிக்கிற பொண்ணுன்னு சொன்னேன். நம்ம புள்ளைங்க படிக்கத்தானய்யா இந்த மரத்தையே சாய்ச்சோம், பத்தரமா போம்மான்னு சொன்னாங்க." அதற்குள் அவர் பார்வை வாசல் கொடியில் தொங்கிய என் பனியன்கள்மேல் போய்விட்டது. "இன்னா சார், துணியெல்லாம் அப்படியே இருக்குதுங்களே?"

"கார்டு போட்டிருந்தேனே" என்றேன்.

"கார்டா?"

"ரோட்டிலே மரம். வண்டி வராது..."

"புது வூடு எங்கங்க சார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் கோமதி உள்ளேயிருந்து பதில் சொல்லிவிட்டாள். "அடுத்த தெருதாங்க."

மேளக்காரர்கூட அடிப்பதை நிறுத்திவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா, நெற்றியில் பெரிய குங்குமம் வைத்த கனத்த அம்மாள், முன்னே வந்தாள்.

"நாங்க ஆறு மரம் ஏறி எறங்கி வர்றோம். உங்க தெருவுல எத்தினி மரம் சார் வெட்டிப் போட்டாங்க?"

தெருவே சிரித்தது. என் மாணவர்களின் பெற்றோரும் அதில் உண்டு.

"பேசிக்கினு நிக்காதீங்கப்பா, நாலரைக்குள்ள தூக்குங்க" என்றார் தனகோட்டி. கல்யாணக் கும்பல் சீரை இறக்கி வைத்துவிட்டு என் வீட்டுக்குள் புகுந்தது. சும்மா நிற்பானேன் என்று மேளக்காரர் கெட்டிமேளமே தொடங்கிவிட்டார். என் அம்மிக்கல், என் ஊறுகாய் ஜாடி, திருத்தாத விடைத்தாள் கட்டு, ஈர லுங்கி எல்லாம் வரிசையாக மேளதாளத்தோடு அடுத்த தெருவுக்கு ஊர்வலம் போயின. ஊர்வலத்தின் கடைசியில் ஒரு வாளியோடு நான். யாரோ ஒரு கிழவர் பழக்கதோஷத்தில் என்மேல் அட்சதை போட்டார்.

நாலேகாலுக்கு வீடு காலி. மலர்க்கொடியின் கையில் விளக்கைக் கொடுத்துவிட்டார்கள். அப்போதுதான் கோமதி இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கினாள்.

மாப்பிள்ளையின் அம்மா அவளைப் பார்த்தாள். "எத்தினி மாசம்மா?"

"ஏழுங்க."

"ஐயையோ!" அந்த அம்மாள் மருமகளின் தோளைப் பிடித்து நிறுத்தினாள். "புள்ளத்தாச்சிய வெளிய தள்ளிட்டு அந்த வூட்ல எம்மருமவ வெளக்கேத்தறதா? அந்தப் பாவம் எங்க வம்சத்துக்கு ஆவாது."

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லீங்கம்மா" என்றாள் கோமதி. நானும் முன்னால் போய், "அதெல்லாம் மூடநம்பிக்கைங்க" என்றேன்.

தனகோட்டி என்னைத் திரும்பிப் பார்த்தார். குரலில் கோபமே இல்லை. "நீங்கதான சார் சொன்னீங்க?"

எதுவும் எடுபடவில்லை. மாப்பிள்ளை கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலரை அடித்தது. இன்றைக்கு மட்டுமல்ல, இந்த வீடே வேண்டாம், பெண்ணை மணலூர்பேட்டைக்கே கூட்டிப்போகிறோம் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டாள். கட்டில் மறுபடி தோள்களில் ஏறியது.

"நாளைக்கு கிளாஸ் இருக்குதுப்பா" என்றாள் மலர்க்கொடி. அன்று அவள் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான்.

"ஐப்பசியில பாத்துக்கலாம்மா" என்றார் தனகோட்டி.

ஐப்பசியில் அவள் வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை. அந்த வீட்டைத் தனகோட்டி வெகுநாள் பூட்டியே வைத்திருந்தார். பள்ளிக்கூடம் போக அந்தத் தெருதான் குறுக்குவழி. நான் சுற்றிக்கொண்டு போவேன்.

எங்கள் சொந்தக்காரர்களுக்கு இந்தக் கதை அல்வா மாதிரி. எந்த விருந்தாளியாவது கிளம்பாமல் உட்கார்ந்திருந்தால், "மேளத்துக்குச் சொல்லிடலாமா?" என்று எங்கள் வீட்டில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். அன்று கோமதியின் வயிற்றில் இருந்த மகள்தான் அதை அதிகம் சொல்வாள். நானும் நடித்துக் காட்டியிருக்கிறேன், வாளியோடு.

போன ஜூனில் பிளஸ் ஒன் சேர்க்கைக்கு நான்தான் உட்கார்ந்திருந்தேன். மகளோடு வந்த ஒரு பெண்மணியிடம் படிவத்தைப் பார்த்து, "அம்மா என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"பன்னெண்டாவதுங்க. டீச்சர் ட்ரெயினிங் ரெண்டு மாசம் போனேன். அத எழுதலாங்களா சார்?"

நிமிர்ந்து பார்த்தேன். எனக்கு முன்பே அவள் என்னை அடையாளம் கண்டிருந்தாள். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதினேன். என் மணிமணியான கையெழுத்து அந்த ஒரு வரியில் கோழி கிளறியதுபோல் ஆனது.

"அப்ப உங்க வூட்டம்மா வயித்துல இருந்த கொழந்த இப்ப இன்னாங்க சார் படிக்குது?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"காலேஜ் சேரப்போகிறாள்" என்றேன்.

"நல்லா படிக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு பணம் கட்டும் வரிசைக்குப் போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்த என் மைத்துனர் எழுந்திருக்கவே இல்லை. "மேளத்துக்குச் சொல்லிடலாமாப்பா?" என்று கண்ணடித்தாள் மகள். எல்லோரும் சிரித்தார்கள். அவளை ஹாஸ்டலில் சேர்ப்பதா, தெரிந்தவர் வீட்டில் விடுவதா, எங்கே யார் என்ன சொல்லி அனுப்பிவிடுவார்களோ என்று எனக்கு அப்போது ராத்தூக்கம் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. கோமதி சமையலறைக்குள் போய்விட்டாள். என் மகளைப் பொறுத்தவரை அந்தக் கதை மேளத்தோடு முடிகிறது. மிச்சத்தை நாங்கள் இருவரும் அவளுக்குச் சொன்னதில்லை.