மூன்று வயது நர்ஸ்

நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்து பொய் என்றாலும் மிச்சமிருக்கும் என் நாலு பல்லும் இப்போதே உதிரட்டும். இதைவிடப் பெரிய சத்தியம் என் கைவசம் இல்லை.

அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இருபத்திரண்டு வயது. மேற்படிப்புத் தேர்வு எழுத வேண்டும். கட்டணத்தைக் கிரெடிட் கார்டில்தான் வாங்குவோம் என்று தேர்வு அலுவலகம் ஒற்றைக்காலில் நின்றது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கடைசி. தவறினால் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். திங்கட்கிழமை காலையிலேயே தன் வங்கியில் போய் நின்றாள்.

கார்டுப் பிரிவு அதிகாரியை எல்லோரும் 'முத்திரை' என்பார்கள். தும்மினால்கூட ஒரு சீல் குத்திவிட்டுத்தான் கைக்குட்டையை எடுப்பார். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"வயசு பத்தாதே பாப்பா."

"பதினெட்டு முடிஞ்சா போதும்னு வாசல்ல எழுதியிருக்கே சார்? எனக்கு இருபத்திரண்டு."

"அது வாசல்ல. இங்க உங்களுக்கு மூணு."

விஷயம் இதுதான். கம்ப்யூட்டரை மாற்றியபோது வாடிக்கையாளர்களின் பிறந்த தேதிகள் மொத்தமாகக் காணாமல் போய்விட்டன. தலைமை அலுவலகம் பதறவில்லை. 'மேற்படி தேதிகள் கண்டெடுக்கப்படும் வரையில், கணக்கு தொடங்கிய தேதியே பிறந்த தேதியாகப் பாவிக்கப்படும்' என்று ஒரு சுற்றறிக்கை விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டது. அவள் கணக்கு தொடங்கி மூன்று வருடம்.

பிறப்புச் சான்றிதழை நீட்டினாள்.

"இது நீங்க பூமிக்கு வந்த தேதி. பேங்குக்கு வந்த தேதி வேற."

"மூணு வயசுக் குழந்தைக்கு மாசாமாசம் சம்பளம் ஏறுதே சார்?"

"கெட்டிக்காரக் குழந்தைன்னு நினைச்சுக்கிட்டோம். கார்டியன் யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வாங்க."

செவ்வாய்க்கிழமை அப்பாவைக் கூட்டி வந்தாள். லாரி டிரைவர், மீசையே அரைக்கிலோ தேறும். முத்திரை கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஒன்பது வயசு. நீங்களே மைனர். துணைக்கு யாரும் வரலையா?"

"யோவ்! எம்பொண்ணுக்கே இருபத்திரண்டு வயசுய்யா!"

"அப்போ நீங்க பிறக்கிறதுக்குப் பதிமூணு வருஷம் முன்னாடி பிறந்திருக்கு. அதை எழுத ஃபாரத்துல கட்டம் இல்லையே."

அப்பா மீசையை முறுக்கப் போனார்; மகள் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனாள்.

புதன்கிழமை நேராக மேனேஜர் அம்மாளின் அறைக்குள் நுழைந்தாள்.

"ரூல்னா ரூல்தாம்மா," என்றார் மேனேஜர்.

"சரி மேடம். உங்க கணக்கு எப்போ தொடங்கினது?"

"இங்க வேலைக்குச் சேர்ந்தப்போ. ஏழு வருஷம்..." என்றவர் அப்படியே நிறுத்தினார்.

"ஏழு வயசுக் குழந்தை போட்ட கையெழுத்து செல்லுமா மேடம்?"

மேனேஜர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். மணியடித்து முத்திரையை வரவழைத்து, "இந்தக் கிளையில பெரியவங்க யாராவது இருக்காங்களான்னு தேடுங்க," என்றார்.

வியாழன் முழுக்கத் தேடினார்கள். கிளை தொடங்கியே பத்து வருஷம்தான்; வேறொரு கிளையை மூடியபோது இங்கே தள்ளிவிடப்பட்ட ஒரே ஒரு பழைய கணக்கு அகப்பட்டது. நாற்பத்தோரு வயது. விலாசத்தைப் பார்த்தால், அவள் வீடேதான்.

"ஐயோ, எங்க பெரியப்பா! அவர் போய் ஆறு வருஷமாச்சு சார்!"

"இறந்த தேதியும் காணாமப் போன லிஸ்ட்லதான் இருக்கு," என்றார் முத்திரை, மகா திருப்தியுடன். "பொறுப்பான மனுஷன். ஆறு வருஷமா ஒரு புகார் கிடையாது."

"கையெழுத்து?"

"மாதிரிக் கையெழுத்து ஃபைல்ல இருக்கு. அதுவே போதும்."

வெள்ளிக்கிழமை நாலு மணி நாற்பது நிமிடத்துக்குக் கார்டு கைக்கு வந்தது. வங்கிப் படியில் உட்கார்ந்து போனிலேயே கட்டணத்தைக் கட்டினாள். மூச்சு விட்டுத் திரும்பினால், பின்னால் மேனேஜர், முத்திரை, காசாளர், வாட்ச்மேன் என்று வரிசையாக நிற்கிறார்கள், ஆளுக்கொரு ஃபாரத்துடன்.

"பாப்பா," என்றார் முத்திரை, பல்லைக் காட்டி, "உங்க பெரியப்பா எங்களுக்கும் கார்டியனா நிப்பாரா?"

"மாட்டேன்னு சொல்லமாட்டார்," என்றாள் அவள்.

அன்றிலிருந்து அந்தக் கிளையின் சகல காகிதங்களும் பெரியப்பாவின் கையெழுத்தில்தான் போகின்றன. வேலை தாமதமாவதே இல்லை. போன மாதம் அவருக்குப் பதவி உயர்வு கொடுத்துத் தலைமை அலுவலகத்துக்கே எடுத்துக்கொண்டார்கள். உங்களுக்கு வங்கியிலிருந்து கடைசியாக வந்த கடிதத்தை எடுத்து, அடியில் இருக்கும் கையெழுத்தைக் கொஞ்சம் பாருங்கள்.

இதை நான் சொன்னதாக மட்டும் யாரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள். என் கணக்குக்குப் பதினோரு வயதுதான் ஆகிறது. விசாரணை என்று வந்தால் பெரியவர்களைக் கூட்டி வரச் சொல்வார்கள்.