மெயில் சாமியும் ஒரு நிமிடப் பதிலும்

"சேனல் என்னோடது, பாஸ்வேர்ட யாருக்குக் குடுத்தா உனக்கென்ன—"

"மூணு வருசம் பொகையில நின்னு எடுத்த வீடியோ அண்ணி, அதப் போயி அந்த ரீலோட் கடைக்காரன் தட்டுல—"

"சாமின்னு சொல்லு."

"போன மாசம் வரைக்கும் போன் கார்டு வித்தவன் அண்ணி."

இலங்கையில் தெரணியகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். வேலுசாமியின் கடை வாசலில் வரிசை வளைந்து நின்றது. எஹலியகொடையிலிருந்து த்ரீவீலர் பிடித்து வந்தவர்களும் அதில் இருந்தார்கள். வேலுசாமி இப்போது மெயில் சாமி. வீடியோ போடுகிறவர்களுக்குக் கம்பனி விளம்பரம் வாங்கித் தருவது அம்பாள் அவருக்குக் கொடுத்த அருள். அம்பாளுக்கு வைஃபை எப்போது கிடைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

சண்டை போட்டவர்களில் மூத்தவள் சுதர்ஷினி. பகலில் கொழுந்து பறிப்பாள். பின்னேரம் லயத்து வரிசை வீட்டு அடுப்பில் ரொட்டியும் கட்டசம்பலும் செய்து வீடியோ போடுவாள். பதினோராயிரம் பேர் பார்க்கும் அந்தச் சேனலைத்தான் இன்று காணிக்கை வைக்க வந்திருந்தாள். தடுத்தவள் அவளுடைய நாத்தனார் துஷ்யந்தி, தோட்ட ஆபீஸ் கிளார்க்.

"லயத்துக்குக் கூரைத் தகரம் கேட்டு ஒன் ஆபீசுல பெட்டிசன் குடுத்து ரெண்டு வருசம். ஒரு வரி பதில் வந்துச்சா? சாமி மெயில் போட்டா ஒரு நிமிசத்துல கம்பனியே பதில் போடுது."

தோட்டத்தில் பதில் வருவதே அற்புதம். உடனே வந்தால் தெய்வத்தைத் தவிர யார் அனுப்பியிருக்க முடியும்?

முறை வந்தது. தேங்காய்ப்பால் மாவு விற்கும் கம்பனி ஒன்றுக்கு, சுதர்ஷினியின் போனிலேயே சாமி எழுதினார்: ‘ஓம். ஐயா, விளம்பரம் தரவும். ஓம்.’

"நான் யாரு, என்ன சமைக்கிறேன்னு எழுத வேணாமா சாமி?"

"வெவரம் எழுதுனா சக்தி எறங்கிரும்மா."

போனை எலுமிச்சம்பழத்தால் மூன்று சுற்று சுற்றி அனுப்பினார்.

டிங்.

வந்த ஆங்கிலப் பதிலைச் சாமி கண்ணை மூடிக்கொண்டே வாசித்தார். அதுவும் அருள்தான். "‘உன்னை ஏற்றுக்கொண்டோம், மகளே.’"

கூட்டம் கும்பிட்டது. சாமி தட்டை நீட்டினார். "பாஸ்வேர்ட எழுதி வையி. சேனல் அம்பாள் பேருக்குப் போகட்டும். அம்பாளுக்காக நான் பாத்துக்கிறேன்."

துஷ்யந்தி தட்டை உள்ளங்கையால் மூடினாள். "அதே கம்பனிக்கு நானும் ஒரு மெயில் போடுறேன் சாமி."

"இப்ப ராகு காலம். பலிக்காது."

"பலிக்காட்டிப் போகட்டும்."

தன் போனில் எழுதி, எல்லாருக்கும் கேட்க வாசித்தாள்: "எங்க ஆடு நேத்து ரெண்டு குட்டி போட்டிச்சு. ஒண்ணு கறுப்பு."

ஓம் இல்லை. எலுமிச்சம்பழம் இல்லை. அனுப்பினாள்.

டிங்.

இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். எழுத்துக்கு எழுத்து அதே பதில்.

"என்ன எழுதியிருக்குன்னு கேளுங்க அண்ணி. ‘உங்கள் மடல் கிடைத்தது. ஏழு நாளில் பார்ப்போம். இது தானாகச் செல்லும் பதில்.’ யாரு என்னத்த அனுப்பினாலும் மெஷின் இதத்தான் திருப்பி அனுப்பும்."

"கம்பனிக்கு ஆடும் புடிச்சிருக்கும்," என்றார் சாமி.

வரிசை சிரித்தது. சுதர்ஷினி சிரிக்கவில்லை. பாஸ்வேர்டுக்காக வைத்திருந்த வெற்றுத்தாளை எடுத்து, சொல்லிக்கொண்டே எழுதினாள்.

"நான் சுதர்ஷினி. லயத்து அடுப்புல சமைக்கிறேன். பதினோராயிரம் பேரு பாக்குறாங்க, முக்காவாசி வீட்டுல சமைக்கிற பொம்பளைங்க. ஒங்க தேங்காப்பால் மாவுல சொதி வச்சு ரெண்டு வீடியோ எடுத்துத் தாரேன். இது போதுமா துஷ்யந்தி?"

"நல்லா எடுத்த வீடியோ லிங்க் ஒண்ணு போடுங்க அண்ணி. மொத மெயிலுல போன ஓமுக்கு மன்னிப்பும் கேட்டுருங்க."

அதற்குள் கூட்டத்தில் நின்ற ஐயாவு என்பவர் சாமியின் சட்டையைப் பிடித்திருந்தார். நடனமாடும் சேவலை வைத்து அவர் நடத்திய சேனல் போன வாரம் காணிக்கையாகப் போனது. அன்று முதல் அதில் சேவல் ஆடவில்லை; வேலுசாமியின் கடை விளம்பரம்தான் ஆடியது. பாஸ்வேர்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு துஷ்யந்தியிடம் வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"பாப்பா, ராகு காலத்துலயே பதில் வர வச்சிட்டியே. அந்த ஆடு எந்த நட்சத்திரத்துல குட்டி போட்டிச்சு?"

அவருக்குப் பின்னால் புது வரிசை ஒன்று சேர்ந்துகொண்டிருந்தது.

"யோசிக்காம பதில் போட கம்பனியில மெஷின் வச்சிருக்காங்க மாமா. யோசிக்கிறதுக்கு நம்ம பக்கம் யாரு இருக்கா?"