பொறுப்பு மாஸ்டர் அள்ளிய மணல்

உலகத்தில் விளையாட்டைக் கண்டு பயந்த ஒரே விளையாட்டு மாஸ்டர் எங்கள் பொறுப்பு மாஸ்டர்தான். யாழ்ப்பாணத்தில் கோப்பாய்ப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் அவர் எங்களை மேய்த்த காலம், ஹெலிகொப்டர்கள் வந்து சுட்டுவிட்டுப் போன சண்டைக் காலம். அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் பியோனுக்கே ஆளைத் தெரியாது.

ஈட்டி முனையில் சைக்கிள் ரியூப்பைச் சுற்றிக் கட்டியவர் அவர். அதன்பிறகு அந்த ஈட்டி எதிலும் குத்தவில்லை, நிலத்தில்கூட. உயரம் பாய்கிறவர்கள் விழும் வைக்கோலில் முதலில் தானே வேட்டியோடு விழுந்து பார்ப்பார். எந்தப் பிள்ளையும் மைதானத்தில் இறங்குவதற்கு முன் தகப்பன் நேரில் வந்து, "ஏதும் நடந்தால் நான் பொறுப்பு" என்று வாயால் சொல்ல வேண்டும்.

எங்கள் அப்பா வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டுவதைப் பாதியில் விட்டுவிட்டு எரிச்சலோடு வந்தார்.

"நான் பொறுப்பெண்டால், மாஸ்டர், நீங்கள் என்னத்துக்கு?"

"உங்களைக் கேக்கிறதுக்கு," என்றார் மாஸ்டர். அப்பா முணுமுணுத்தபடி சொல்லிவிட்டுப் போனார்.

நீளம் பாய்தலில் வட்டாரப் போட்டிக்குப் போவது என் கனவு. ஒருநாள் போய்ப் பார்த்தால் குழியில் மணலே இல்லை. மாஸ்டர் அவ்வளவையும் உரப்பைகளில் அள்ளி, மைதான ஓரத்தில் பதுங்குவதற்கு வெட்டிய பங்கரின் மேல் அடுக்கியிருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அடுத்த வருசம் பாயலாம். அதுக்கு நீ இருக்கவேணுமெல்லோ?" என்றார்.

பள்ளிக்கூடத்து இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டியன்று ஹெலி வந்தது. மாஸ்டர் விசிலடித்து, பிள்ளைகளையும் பார்க்க வந்தவர்களையும் பங்கருக்குள் தள்ளினார். மேலிருந்து சுட்டார்கள். மூட்டைகள் கிழிந்து மணல் எங்கள் தலையில் கொட்டியது. உள்ளே ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. கடைசியாக இறங்க வந்த மாஸ்டருக்கு வயிற்றில் பட்டிருந்தது.

அப்பாவும் நானும் அவரை எங்கள் லான்ட்மாஸ்டர் உழவு மெசினின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு ஆசுபத்திரிக்குப் போனோம். ஒப்பரேஷனுக்கு முன் பொறுப்பேற்க ஆள் கேட்டார்கள். அவரோ தீவுப் பக்கத்துத் தனிக்கட்டை. அங்கே போகும் பாதையும் அடைபட்டிருந்தது.

"ஏதும் நடந்தால் நான் பொறுப்பு," என்றார் அப்பா.

மாஸ்டர் மெல்லக் கண் திறந்தார். "யோசிச்சுத்தான் சொல்லுறியளோ?"

"ஓம், மாஸ்டர்."

விடிவதற்குள் அவர் போய்விட்டார். சொன்ன சொல்லுக்கு அப்பாவே கொள்ளியும் வைத்தார்.

அடுத்த வருசம் வந்தது. மிஞ்சிய மூட்டைகளைப் பிரித்து மணலைக் குழியில் கொட்டுவோம் என்று மற்றப் பெடியள் கேட்டார்கள். நான் விடவில்லை. அந்த மனுசனை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.