பாதித் தாடியும் கருந்தேளும்

“டமார்!”

தொலைக்காட்சி மல்யுத்தத்தில் யாரோ யாரையோ தூக்கித் தரையில் அடித்த சத்தம். சலூன்காரரின் கத்தி, நாற்காலியில் மல்லாந்திருந்த குமாஸ்தாவின் மோவாயில் அப்படியே நின்றது.

வலது கன்னம் மழுமழுவென்று ஆகிவிட்டது. இடது கன்னத்தில் ஒரு மாதத் தாடி, அதன்மேல் சோப்பு நுரை.

“விட்டான் பாருங்க சார் ஒரு அடி!” கையில் கத்தியோடு சலூன்காரர் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

“அண்ணே, பதினோரு மணிக்கு எனக்கு இன்டர்வியூ...”

“ஒரே நிமிஷம் சார். சாம்பியன் பெல்ட் கைமாறப் போகுது.”

குமாஸ்தா சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார். ஆபீஸில் தலைமை குமாஸ்தா நாற்காலி காலியாகி, அதற்கு இன்றைக்குத்தான் நேர்காணல். “இந்தத் தாடியோட போனா, பதவி கேட்டு வந்தீங்களா, பிச்சை கேட்டு வந்தீங்களான்னு கேப்பாங்க” என்று மனைவி விரட்டிவிட்டிருந்தாள். வழியில் இந்தக் கடை ஆளில்லாமல் கிடந்தது. சீக்கிரம் வேலை முடியும் என்று நம்பி நுழைந்தார்.

ஒரு நிமிஷம் போனது. இன்னொன்றும் போனது. நுரை காய்ந்து கன்னம் அரிக்க ஆரம்பித்தது.

“அட வாங்கண்ணே. எல்லாம் முன்னாடியே பேசி வச்சுக்கிட்டு அடிக்கிறாங்க. இதைப் போய்ப் பார்த்துக்கிட்டு!”

சலூன்காரர் மெல்லத் திரும்பினார். கத்தியை மேஜை மேல் வைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பேசி வச்சதுன்னே இருக்கட்டும் சார். பத்தடி உசரத்துலேருந்து விழுதே ஒரு முதுகு, அதுகிட்ட யாராவது பேசி வச்சாங்களா? அடிக்க எவனாலயும் முடியும். விழறதுதான் சார் தொழில். நீங்க அந்த நாற்காலியிலேருந்து ஒரு தடவை விழுந்து காட்டுங்க, பார்ப்போம்.”

“தப்புதான்ணே, தெரியாம சொல்லிட்டேன்.”

“வார்த்தை வந்துடுச்சே சார். கை நடுங்குது. இப்ப கத்தி பிடிச்சா உங்களுக்குத்தான் ஆபத்து.”

சத்தம் கேட்டு கூரியர்காரர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். பாதித் தாடியைக் கண்டதும் சுவாரசியமாகப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

குமாஸ்தா உத்தியை மாற்றினார். திரையில் பொன்னிற முடியோடு ஒருவன் கூட்டத்தைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தான்.

“எனக்கும் இதெல்லாம் ரொம்பப் பிடிக்கும்ணே. அந்தத் தங்கமுடி இருக்கானே... என்னா வீரன்!”

“தங்கமுடியா?” சலூன்காரர் ஸ்டூலை விட்டே எழுந்துவிட்டார். “அவன் ஆளே இல்ல சார்! விளக்கை அணைக்கணும், புகை விடணும், பாட்டுப் போடணும். அப்பத்தான் துரை மேடைக்கு வருவாரு. அவனோட மோதுற கருந்தேளைப் பாருங்க. நேரத்துக்கு வந்து ஓரமா நிக்கிறான். இத்தனை வருஷமா அடி வாங்குறான், ஒரு நாள் லீவு போட்டிருப்பானா?”

“அவன் நாற்காலியால மண்டையில அடிக்கிறானேய்யா?” என்றார் கூரியர்காரர்.

“தங்கமுடி போன தடவை ஏணியால அடிச்சான். அதுக்கு மட்டும் கை தட்டுனீங்க! நல்லவன்னு பேர் எடுத்துட்டா ஏணியும் செல்லும், வில்லனுக்கு நாற்காலிகூட ஆகாதோ?”

நியாயம் கேட்கும் குரல் தெருவரை போயிற்று. பெயிண்டர் ஒருவர் உள்ளே வந்தார். அவர் பின்னாலேயே ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும் வந்தார்.

“சத்தியமாண்ணே. கருந்தேள்தான் உத்தமன். நான் அவன் கட்சி” என்று சரணடைந்தார் குமாஸ்தா.

அதுதான் பெரிய தப்பாகப் போயிற்று. சலூன்காரர் முகம் மலர்ந்து, கருந்தேளின் முதல் தோல்வியிலிருந்து வரலாற்றைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

சட்டைப் பைக்குள் போன் அலறியது. மனைவி.

“எங்க இருக்கீங்க?”

“பாதியில இருக்கேன்.”

“பாதி வழியிலயா?”

“பாதி முகத்துல.”

“என்ன உளறல் இது? அங்க யாரோ ‘கழுத்தைப் பிடி, கழுத்தைப் பிடி’ன்னு கத்துறாங்களே?”

“அது வாத்தியார்.”

“நல்லா இருக்குங்க. வீட்டுக்கு வாங்க, மீதிப் பாதியை நான் பார்த்துக்கறேன்” என்று அவள் போனை வைத்தாள்.

இனிமேல் தாங்காது என்று முடிவு செய்தார் குமாஸ்தா. மேஜையில் கிடந்த கத்தியை எடுத்து, கண்ணாடியைப் பார்த்துத் தானே ஒரு இழுப்பு இழுத்தார். கண்ணாடியில் இடது என்றால் எது, வலது என்றால் எது என்று கை யோசிப்பதற்குள், இடது கிருதா மொத்தமாக மடியில் விழுந்தது.

“யாரு என் கத்தியைத் தொட்டது?”

குமாஸ்தா கத்தியைக் கீழே வைத்தார்.

“இது என்ன ரிங்குன்னு நினைச்சீங்களா சார், ரெஃப்ரி திரும்புன சமயம் பார்த்துக் கையை வைக்க?”

“அவரைச் சொல்லாதீங்க. அந்த ரெஃப்ரியே சரியில்ல” என்றார் பெயிண்டர்.

“ரெஃப்ரியா? முதுகைக் காட்டியே சம்பளம் வாங்குற ஒரே ஆளு உலகத்துல அவன்தான்!” என்று சலூன்காரர் அங்கே தாவினார்.

பெஞ்ச் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. கூச்சலைக் கேட்டு இன்னும் இருவர் வந்து, இடமில்லாமல் சுவரோரம் நின்றார்கள். குமாஸ்தா கழுத்துத் துணியோடு எழுந்தார். வாசல்வரை போனார். தெருவில் போன ஒரு குழந்தை அவர் முகத்தைப் பார்த்து வீறிட்டு அழுதது. திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார். தலைமை குமாஸ்தா நாற்காலி கண்ணெதிரே காற்றில் பறந்துபோவதைப் பார்த்தார்.

திரையில் கருந்தேள் தங்கமுடியைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டான். கூட்டம் எழுந்து நின்றது. கடையும் எழுந்து நின்றது.

சலூன்காரர் ஒருமுறை பெஞ்சைப் பார்த்தார். சுவரோரம் நின்றவர்களைப் பார்த்தார். பிறகு திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நேராக குமாஸ்தாவிடம் வந்தார். புது நுரை, நான்கு இழுப்பு. இடது கன்னம் கண்ணாடியாகிவிட்டது. ஐந்தாவது இழுப்பில் வலது கிருதாவும் இடதுக்குச் சமமாகப் போய்ச் சேர்ந்தது. கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

“அண்ணே, பெல்ட்டு...? கருந்தேள் ஜெயிக்கப் போறானே?”

“அது கெடக்குது சார். உங்க வேலை முக்கியமில்லையா? அடுத்து யாருப்பா, வா!”

குமாஸ்தா காசை வைத்துவிட்டுப் பாய்ந்து வெளியே வந்தார். ஆட்டோ ஒன்று வந்து நின்றது. இப்போது கிளம்பினால் மூச்சு வாங்கிக்கொண்டாவது போய்ச் சேரலாம். பக்கத்துக் கடை வாசலில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த அம்மாள் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

ஆட்டோவில் ஏறிக்கொண்டே குமாஸ்தா பொருமினார். “உங்க பக்கத்துக் கடைக்காரருக்கு மல்யுத்தப் பைத்தியம் முத்திப் போச்சுக்கா!”

“பைத்தியமா? வருஷக்கணக்கா அந்த ஒரே பழைய ஆட்டத்தைத்தான் தம்பி தினமும் போடுறாரு. காலிக் கடைக்குள்ள ஒருத்தரும் நுழைய மாட்டேங்குறாங்களாம். அதான் பெஞ்சு நிறையிற வரைக்கும் முதல்ல வந்தவரை எந்திரிச்சுப் போக முடியாம பாதியிலயே நிறுத்தி வச்சுக்குவாரு!”