ஒத்தவரி சாரும் பதினோரு நடவுக் குழுவும்

தஞ்சாவூர் ஜில்லாவிலேயே கம்ப்யூட்டரைத் துளிகூட நம்பாத கம்ப்யூட்டர்காரர் ஒருவர் இருந்தாரென்றால், அவர் எங்கள் ஒத்தவரி சார்தான். "அது சொல்றதையெல்லாம் நம்பிட்டா, அப்புறம் நாம எதுக்கு சார்?" என்பார். அந்தக் கம்ப்யூட்டரை நம்பித்தான் ஆபீஸில் ஐந்து பேர் வீட்டில் அடுப்பு எரிந்தது என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

ஆபீஸ் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். பாத்திரக் கடைக்கு மேலே ஒரு மாடி. கடைகளுக்கும் சங்கங்களுக்கும் வெப்சைட் செய்து கொடுப்போம். நான்தான் அங்கே தலைமை. ஒவ்வொரு வெப்சைட்டுக்குப் பின்னாலும் அதன் விவரங்களையெல்லாம் வைத்துப் பராமரிக்கிற ஒரு மென்பொருள் இருக்கும். சி.எம்.எஸ். என்போம். வாடிக்கையாளர் தரும் எக்செல் பட்டியலை அதற்குள் மொத்தமாக ஏற்றுவதற்குப் பெயர் இம்போர்ட். ஏற்றும்போது பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஊர் போய் உட்கார்ந்துகொள்ளும், ஊர் இருக்கவேண்டிய இடத்தில் பின்கோடு. இந்தக் கோளாறுகளைச் சரிசெய்வதுதான் சாரின் உத்தியோகம். மன்னார்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

பட்டியலில் ஐயாயிரம் வரி இருந்தாலும் முதலில் ஒரே ஒரு வரியைத்தான் ஏற்றுவார். அதனால்தான் அந்தப் பெயர். ஏற்றிய வரியை மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டுப் பார்ப்பார். பிறகு அந்த வரியில் இருக்கும் ஆளுக்கே போன் போடுவார். ஒரு முறை விதைநெல் தருகிறவர்களின் பட்டியல் வந்தது. முதல் வரியில் சீர்காழிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர்.

"வணக்கங்க ஐயா. தஞ்சாவூர்லேர்ந்து பேசுறேன். நீங்க இருக்கீங்களா?"

"இருக்கேனே! இல்லேன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலைங்க. பட்டியல்ல இருக்கீங்க. நெசமாவும் இருக்கீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டேன்."

கால் மணி நேரத்தில் பெரியவரின் மகன் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டு, அப்பா பேரில் இருக்கும் பட்டாவை யாராவது மாற்றப் பார்க்கிறார்களா என்று கேட்டார். அடுத்து மருமகள். அதற்கடுத்து மச்சினர். பெரியவர் உயிரோடு இருப்பதில் எங்களுக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை என்று அந்தக் குடும்பத்துக்குப் புரியவைப்பதற்குள் அன்றைய பொழுது போய்விட்டது.

இன்னொரு முறை அதிராம்பட்டினத்து ஜவுளிக்கடைக்கு ஆயிரம் சரக்குகளை ஏற்றினோம். அன்று சார் லீவு, ஏற்றியது நான். ஒவ்வொரு படமும் ஒரு வரி நழுவி, கைலிக்குக் கல்யாணப் பட்டுப்புடவையின் படம் வந்துவிட்டது. கடை முதலாளி போனில், "பாய்மாருங்கள்லாம் ஜரிகை வெச்ச கைலி எங்கேன்னு கேட்டு வர்றாங்க சார்" என்றார். மறுநாள் சார் வந்தார். விஷயத்தைக் கேட்டார். உடனே பையைத் தூக்கிக்கொண்டு அதிராம்பட்டினத்துக்கு பஸ் ஏறிவிட்டார். சரக்கைக் கண்ணால் பார்க்காமல் எப்படிச் சரிசெய்வது என்பது அவர் கட்சி. சாயங்காலம் திரும்பி வந்து, பட்டியலின் தலைப்பு வரியையும் ஒரு சரக்காக மென்பொருள் எண்ணியிருக்கிறது என்றார். அதைக் கண்டுபிடிக்க அதிராம்பட்டினம் போகவேண்டிய அவசியமே இல்லை. ஆனால் போய்வந்தவர் எனக்கு ஒரு கைலி வாங்கி வந்திருந்தார்.

இப்படியே சிரித்துக்கொண்டு முடித்துவிடலாம்தான். முடியவில்லை.

ஒரு விவசாயிகள் சங்கம் நல்ல யோசனையோடு வந்தது. சம்பா நடவுக்கு ஆள் கிடைக்காமல் நிலக்காரர்கள் வீடு வீடாக அலைகிறார்கள், வேலை கிடைக்காமல் நடவுப் பெண்கள் காத்திருக்கிறார்கள். இரண்டு பக்கத்தையும் சேர்த்துவைக்க ஒரு வெப்சைட். ஊர் ஊராகப் போய் நடவுக் குழுக்களின் பட்டியலை எடுத்து வந்தார்கள். மறுநாள் தொடக்க விழா. மேடை, மாலை, தலைமை விருந்தினர் எல்லாம் தயார்.

மத்தியானம் சார் என் மேஜைக்கு வந்தார்.

"சார், மன்னார்குடி பக்கத்துல ஒரு தெரு. பதினோரு குழு. பதினொண்ணுக்கும் ஒரே போன் நம்பர்."

"ஒரே குழுவைப் பதினோரு தடவை எழுதியிருப்பாங்க. நம்பரை அடையாளமா வெச்சு ஏத்துங்க. அதே நம்பர் திரும்ப வந்தா பழைய வரி மேலேயே எழுதிக்கும்."

"இல்ல சார், நான் பேசிட்டேன். அது மல்லிகாங்கிறவங்க போன். கால் சரியில்லாதவங்க, வீட்டுலயே தையல் மெஷின் வெச்சிருக்காங்க. சேத்துல எறங்கற பொம்பளைங்க போனை எங்க சார் வெச்சுக்குவாங்க? அதனால தெருவே அவங்க நம்பரைத்தான் குடுக்குது. இவங்க வாங்கி, எந்தக் குழுவுக்கோ அந்தக் குழுவுக்குச் சொல்லிவிடுவாங்க. பதினோரு குழுவும் நெசம். ஆனா வேற ஊர்ல ஒரே குழுவை ரெண்டு தடவையும் எழுதியிருக்காங்க. எல்லாத்தையும் போன் போட்டுப் பிரிக்கணும். ரெண்டு நாள் குடுங்க."

ரெண்டு நாள்! சங்கத்துச் செயலாளர் அதற்குள் நாலு முறை போன் செய்திருந்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஒத்தவரி ஒத்தவரின்னு ஒவ்வொரு ஆளையும் இருக்கியா இருக்கியான்னு கேட்டுக்கிட்டிருந்தா, எப்ப சார் வேலை முடியறது? நகருங்க."

எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவர் நாற்காலியில் நானே உட்கார்ந்து பட்டனை அமுக்கினேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

விழா ஜோராக நடந்தது. எனக்கும் ஒரு மாலை விழுந்தது.

பத்தாம் நாள் ஆபீஸுக்கு ஒரு போன். நான்தான் எடுத்தேன்.

"சார், நான் மல்லிகா பேசுறேன். நெட்டுல எங்க தெருவுல ஒரு குழு பேருதான் வருதாம். போன் பண்றவங்கல்லாம் அந்தக் குழுவையே கேக்குறாங்க. நான் என்ன சார் பண்ணுவேன்? நான்தான் வேணும்னே ஒருத்திக்கு மட்டும் வேலை புடிச்சுக் குடுக்கறேன்னு மத்த பத்துக் குழுவும் எம்மேல கோவமா இருக்கு. தைக்கக் குடுத்த துணியைக்கூடத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்க. ஒருத்திகூட முகம் குடுத்துப் பேசமாட்டேங்கிறா சார்."

பாத்துச் சொல்றோம்மா என்று வைத்துவிட்டேன். அடுத்த அரை மணியில் சங்கத்துச் செயலாளர் நேரில் வந்து நின்றார். யார் ஏற்றியது என்று கேட்டார். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை நான். "இம்போர்ட் வேலையெல்லாம் நம்ம சார்தாங்க பாக்குறாரு" என்றேன். அதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது. ஒத்தவரி சார் நிமிர்ந்து என்னை ஒரு முறை பார்த்தார். அப்புறம் செயலாளரிடம், "சரி பண்ணிடறேங்க" என்றார்.

அன்று முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு குழுவுக்கும் தனி எண் கொடுத்தார். ஒரே போன் எத்தனை குழுவுக்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று மாற்றினார். வழக்கம்போல முதலில் ஒரு வரி. பிறகு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாள் மல்லிகாவிடமிருந்து போன் வந்தது.

"பதினோரு குழுவும் நெட்டுல வந்துடுச்சு சார், ரொம்ப நன்றிங்க. உங்க ஆபீஸ் சார் நேத்து எங்க தெருவுக்கே வந்தாரு. வேலை முடிஞ்சு எல்லாரும் கரையேறி வர்ற வரைக்கும் உக்காந்திருந்தாரு. அப்புறம் நடுத்தெருவுல நின்னு, 'தப்பு என்னோடதும்மா. இந்தம்மா மேல ஒண்ணுமில்ல, அவங்களோட பேசுங்க'ன்னு சொன்னாரு. இப்ப எல்லாரும் பேசறாங்க சார். தங்கமான மனுஷன். அவரு பேரு என்னங்க சார்?"

ஒத்தவரி என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நாலு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தவர். வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் அந்த அம்மாவுக்குப் பெயரைச் சொன்னேன்.

சார் அதன்பிறகு ஆபீஸுக்கு வரவில்லை. ராஜினாமா என்று இரண்டு வரி மெயில், கோபமாக ஒரு சொல் இல்லை. கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நினைத்தேன். இந்த வேலை முடியட்டும், பொங்கல் போகட்டும் என்று தள்ளிப்போட்டேன். வெட்கம்தான், வேறென்ன? துணிந்து கூப்பிட்டபோது அந்த எண் யாரோ ஒரு திருச்சி அம்மாளுடையதாகிவிட்டிருந்தது. மன்னார்குடிக்குப் போய் விசாரித்தேன். வீட்டைக் காலிசெய்து போய்விட்டார்களாம்.

இப்போதும் எந்தப் பட்டியல் வந்தாலும் முதலில் ஒரு வரியைத்தான் ஏற்றுகிறேன். அந்த ஆளுக்குப் போனும் போடுகிறேன். என்னிடம் இப்போது வேலை பார்க்கிறவர்கள் முதுகுக்குப் பின்னால் எனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். கோபம் வரவில்லை.

நடுத்தெருவில் நின்று நீங்கள் சொன்னதை, சார், நான் இங்கே எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். அன்றைக்குப் பட்டனை அமுக்கியது நான். தப்பு என்னோடது.

வணக்கம் சார். தஞ்சாவூர்லேர்ந்து பேசுறேன். நீங்க இருக்கீங்களா?