தும்பியின் பார்வைக் கோளாறு

2006 அக்டோபர் 9, திங்கட்கிழமை, காலை பத்தேகால் மணி. உலக அறிவியல் வரலாற்றில் முதன்முறையாக, பன்னிரண்டு குடும்பங்களின் வீட்டைக் காப்பாற்ற ஒரு பூச்சியின் கண் முன்வந்தது. அந்தக் கண்ணை ஆராய்ந்தவன் நான் என்பதை அடக்கத்துடன் பதிவு செய்கிறேன்.

இடம், செம்பாக்கம் பக்கம் எங்கள் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடம். பெயர் 'லேக் வியூ'. ஏரி எங்கிருந்தும் தெரியாது. நாங்கள் அதன் மேல்தான் நிற்கிறோம் என்பது எதிர்வீட்டு அப்துல் கஃபாரின் 'அவதூறு'. நாங்கள் வந்த பிறகு மழைக்காலத்தில் அவர் வீட்டு ஹாலில் முழங்காலளவு தண்ணீராம். தாலுகா ஆபீஸில் மனு கொடுத்துவிட்டார். சாட்சி, ஒரு புகைப்படம்: என் கறுப்புக் காரின் கூரையில் தும்பிகள் முட்டையிடுகின்றன. தும்பி முட்டையிடுவது தண்ணீரில். ஆகவே இது ஏரி. ஏரி என்று முடிவானால் கட்டடம் இடிபடும்.

விசாரிக்க வருவாய் ஆய்வாளர் தனசிங் வந்தார்; கூடவே கஃபாரும். விலங்கியல் பேராசிரியரும் சங்கச் செயலாளருமான நான் விளக்கப்படத்தை விரித்தேன்.

"தும்பியோட ஒரு கண்ணுல ஆயிரக்கணக்கான குட்டிக் கண்ணுங்க சார். ஒவ்வொண்ணுக்கும் அடியில வெளிச்சத்தை உணர்ற எட்டு செல். தண்ணியில பட்டுத் திரும்புற வெளிச்சத்தைக் கண்டுபிடிக்கவே சில செல் இருக்கு. பாலிஷ் போட்ட கார்லயும் அதே மாதிரி வெளிச்சம்தான் திரும்பும். பாவம், செல் ஏமாந்துடுது."

பதினோரு வருடம் அந்தச் செல்களோடு குடும்பம் நடத்தியவன். அவற்றின் பலவீனம் எனக்குத் தெரியாதா?

"அப்ப தப்பு தும்பி மேலதான்?"

"முழுக்க முழுக்க சார்."

தனசிங் எழுதிக்கொண்டார். கஃபார் விடவில்லை.

"தும்பிக்குக் கண்ணு சரியில்லன்னே வெச்சுக்குவோம் புரொபசர். உங்க மோட்டார் ரூம்ல தவளை கத்துதே, அதுக்கும் கண்ணுல கோளாறா?"

"தவளை என் துறை இல்லீங்க."

தனசிங் சிரிக்கவில்லை. கோப்பைப் புரட்டினார்.

"கட்டுறதுக்கு முன்னாடியே, 'நேரில் பார்த்தேன், தண்ணீர் நிற்காத மேட்டு நிலம்'னு ஒரு நிபுணர் சர்டிபிகேட் கொடுத்திருக்காரு. அது நிக்கிற வரைக்கும் கட்டடமும் நிக்கும். யார் சார் அவரு? கையெழுத்து புரியல."

"அடியேன்தான்."

அதற்காக புரமோட்டர் என் வீட்டு விலையில் காட்டிய 'மரியாதை' பற்றி அவர் கேட்கவில்லை. அறிவியலுக்குச் சம்பந்தமில்லாததை நானாகப் பேசுவதில்லை.

கார் துடைத்துக்கொண்டிருந்த பொன்னியம்மாள் வாளியைக் கீழே வைத்தாள்.

"ஐய, அது நீதானா சார்? பேன்ட் நனையக் கூடாதுன்னு எங்க வூட்டுக்காரரு தோள்ல குந்திக்கினு இந்த எடத்தைச் சுத்திப் பாத்தியே! பூச்சிக்குக் காரு தண்ணியா தெரிஞ்சுது, சரி. அன்னிக்கு இடுப்பளவு தண்ணி உனக்கு இன்னாவா சார் தெரிஞ்சுது?"