மஞ்சள் தாளும் ஞானஸ்நானக் கவுனும்

சூரிக், சுவிட்சர்லாந்து
ஞாயிறு மாலை

மிகுந்த மரியாதைக்குரிய கிளமென்ட் மச்சான் அவர்களுக்கு, பாபநாசம் ஆசீர்வாதம் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நானும் உங்கள் தங்கை அமலியும் இங்கே மகள் ஷீபா குடும்பத்தோடு நலம். கும்பகோணத்தில் நீங்களும் அனிட்டா தங்கச்சியும் ஸ்வெட்டர் இல்லாமல் நடமாடுவீர்கள் என்று பொறாமையோடு நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம். தங்கச்சிக்கும் வாசித்துக் காட்டவும்.

இன்று காலை பதினோரு மணிக்குப் பேரனுக்கு ஞானஸ்நானம். சூரிக்கில் மாதம் ஒருமுறை தமிழ்ப் பூசை நடக்கிற கோயிலில் ஏற்பாடு. ஞானத்தகப்பன் நான். ஷீபாவும் மருமகனும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேற்றே சூரிக் போய்விட்டார்கள். அதிரசம் சுட்டு முடியவில்லை என்று அமலி வெளியூரில் இருக்கிற அவர்கள் வீட்டிலேயே தங்கினாள், துணைக்கு நான். தங்கச்சி கண் வலிக்க உட்கார்ந்து தைத்துக் கொடுத்த ஞானஸ்நானக் கவுனும் எங்களோடுதான். கவுனையும் ஞானத்தகப்பனையும் நேரத்துக்குக் கோயிலில் சேர்க்க வேண்டும், எனக்கு அந்த ஒரு வேலைதான். ரயில் நேரத்தை எழுதித் தருகிறேன் என்று ஷீபா சொன்னாள். நான்தான், "பாபநாசத்துல பொறந்து ரயில் சத்தத்துலயே வளந்தவன்மா நான், எனக்கு டைம் டேபிள் பாக்கச் சொல்லித் தர்றியா" என்று அவள் வாயை அடைத்துவிட்டேன்.

காலையில் ஸ்டேஷனுக்குப் போனால் ஒரு மனுஷர் இல்லை மச்சான். டிக்கெட் கொடுக்கிறவர் இல்லை, கொடி காட்டுகிறவர் இல்லை, டீ விற்கிறவர்கூட இல்லை. சுவரில் கண்ணாடிக்குள் பெரிதாக இரண்டு தாள்கள் மட்டும் இருந்தன. ஒன்று வெள்ளை, ஒன்று நல்ல மஞ்சள். மஞ்சளைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கிவிட்டேன். நம்ம பக்கம் ஒரு கம்பெனி மஞ்சள் கடுதாசி கொடுத்தால் என்ன அர்த்தம்? திவால். கதவைச் சாத்திவிட்டு முதலாளி ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று அர்த்தம். அமலியைத் தள்ளிக் கூப்பிட்டு, "ஸ்டேஷன் நொடிச்சுப் போச்சு போலருக்கு" என்றேன். அவளும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அதான் ஒருத்தரையும் காணோம்" என்றாள். ஊரான் கஷ்டத்தை நின்று படிப்பது மரியாதை இல்லை என்று மஞ்சளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெள்ளைத் தாளில் தேடினேன்.

அதில் சூரிக் இருந்தது. தலையில் இரண்டு புள்ளி வைத்த எழுத்து, தப்பவே முடியாது. பக்கத்தில் மணி, பிளாட்பாரம் எல்லாம் இருந்தன. கீழே பார்த்தால், வருகிற டிசம்பர் வரைக்கும் இதுதான் நேரம் என்று போட்டிருக்கிறார்கள்! மழையோ பனியோ, டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில் எத்தனை மணிக்கு என்று இன்றைக்கே அச்சடித்துப் பூட்டி வைக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும். மேட்டூர்த் தண்ணீர் நம்ம வாய்க்காலுக்கு வருகிற நாளை இப்படி ஒரு தாளில் ஒட்டினால், அதற்கு முன்னால் முழந்தாளிட்டுக் குறுவைக்கு விதை விட மாட்டோமா? எனக்குப் புல்லரித்துவிட்டது. புல்லரித்து முடிவதற்குள் ரயில் வந்துவிட்டது, சொன்ன நிமிஷத்தில்.

ஏறி, கவுன் பையை மேலே பத்திரமாக வைத்து, இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தோம். ஏரி வந்தது, மலை வந்தது, மாடு வந்தது, சூரிக் வரவில்லை. எதிரே இருந்த அம்மாளிடம், "சூரிக்?" என்றேன். அந்த அம்மாள் திடுக்கிட்டு, ரயில் வந்த திசையில் கையைக் காட்டினார். மச்சான், அப்போதுதான் விளங்கியது. வெள்ளைத் தாள் வருகிற ரயிலுக்கு, மஞ்சள் தாள் புறப்படுகிற ரயிலுக்கு. சூரிக்கிலிருந்து வந்த ரயிலில் ஏறி, சூரிக்கை முதுகுக்குப் பின்னால் விட்டு ஓடிக்கொண்டிருந்தோம். ஷீபாவைக் கூப்பிடலாம் என்றால், ரோமிங்கில் காசு போய்விடும் என்று போனை வீட்டிலேயே அணைத்து வைத்துவிட்டு வந்த புத்திசாலியும் நானே.

அந்த அம்மாள் எங்களுக்காகத் தன் பயணத்தை விட்டு அடுத்த ஸ்டேஷனில் கூடவே இறங்கினார். அங்கேயும் மஞ்சள் தாள். "இவங்களும் நொடிச்சுட்டாங்களா" என்று அமலி பெருமூச்சு விட்டாள். அந்த அம்மாள் என் விரலைப் பிடித்து மஞ்சள் தாளில் சூரிக் மேல் வைத்து, மணியைக் காட்டி, பிளாட்பாரத்தில் நிறுத்திவிட்டுப் போனார். அந்த ரயிலும் அதே நிமிஷத்தில் வந்தது. ஒரே ஒரு தாள், ஒரு வார்த்தை பேசாமல், பாஷை தெரியாத என்னைக் கைப்பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதே என்று கண் கலங்கிவிட்டது.

கோயில் வாசலில் ஷீபா அழுதுகொண்டு நின்றாள். மணி பன்னிரண்டரை தாண்டிவிட்டது. பாதர் ஜெனித், நம்ம குடவாசல் பக்கத்துப் பிள்ளை, வேறு ஊர்ப் பூசைக்குப் போகவேண்டிய ரயிலை எனக்காக விட்டிருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்டேன். "அடுத்த ரயில் எப்பன்னு தாள்ல இருக்குங்கய்யா. ஞானத்தகப்பன் எப்ப வருவாருன்னு எந்தத் தாள்லயும் இல்ல. அதான் இருந்தேன்" என்றார். பிள்ளையைக் கையில் வாங்கினேன். தண்ணீர் விழுந்ததும் பயல் சிரித்தான். தங்கச்சி தைத்த கவுனில் வானத்துச் சம்மனசு மாதிரி இருந்தான், எல்லோரும் யார் தைத்தது என்று கேட்டார்கள்.

அங்கே உங்கள் மகள் பூவிழிக்கும் அவள் பிள்ளைகளுக்கும் எங்கள் முத்தங்கள். ஆண்டவர் உங்கள் வீட்டு வாசலையும் வயலையும் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மச்சான்
ஆசீர்வாதம்

பின்குறிப்பு: இதைத் தங்கச்சிக்கு வாசிக்க வேண்டாம். ஷீபா போட்டோ அனுப்பப்போகிறாளாம், அதற்கு முன்னால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை போட்டிருந்தது கவுன் இல்லை, என் தோள் துண்டு. பதற்றத்தில் இறங்கும்போது அமலி அதிரசத்தை எடுத்தாள், நான் இட்லிப் பொட்டலத்தை எடுத்தேன். கவுன் அந்த முதல் ரயிலிலேயே கடைசி ஸ்டேஷன் வரை போய், அங்கே பத்திரமாக இருக்கிறதாம். மருமகன் எடுத்துவரக் கிளம்பினார். நானும் வருகிறேன் என்றேன், கையெடுத்துக் கும்பிட்டார். கவுன் வந்ததும் இன்னொரு தடவை தண்ணீர் ஊற்றலாமா என்று ஷீபாவின் போனில் பாதரிடம் கேட்டேன். ஞானஸ்நானம் ஆயுசுக்கு ஒரு தடவைதானாம். போட்டோ எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுக்கலாமாம்.